கவரில் எழுதிய காரணம்

காணிக்கைப் பை எங்கள் வரிசையைத் தாண்டிப் போன பிறகுதான் என் மகள் என் காதுக்குள் சொன்னாள்.

"அம்மா, இந்த வாட்டி கவர்ல காரணம் நானே எழுதிட்டேன். கரெக்டா."

"இன்னா எழுதுன?"

அவளுக்குப் பத்து வயது. வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரலில் சொன்னாள். "கம்பெனியில் ஆள் குறைத்தபோது அம்மா சித்தியின் பெயரைச் சொன்னதால், அம்மாவின் வேலை போகாமல் காத்ததற்காக."

ஆலயத்தில் எல்லோரும் நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இரண்டு வரிசை முன்னால் அந்தச் சித்தியே நின்றிருந்தாள். இடுப்பில் என் ஆறு வயது மகன். அவனுக்கு நடக்கத் தெரியும், ஆனாலும் அவளைப் பார்த்தால் இடுப்பில் ஏறிக்கொள்வான்.

எங்கள் சபையை அறியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆம்பூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற சின்ன சபை அது. வாசலில் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்கள் கட்டாக வைத்திருப்பார்கள். கவர் மேல் இரண்டு கோடுகள் அச்சடித்திருக்கும். ஒன்று பெயருக்கு, இன்னொன்று காரணத்துக்கு. பிரசங்கம் முடிந்ததும் போதகர் ஒவ்வொரு கவரையும் எடுத்து, யார், எதற்காக நன்றி சொல்கிறார்கள் என்று எல்லோருக்கும் கேட்கும்படி படித்து ஜெபிப்பார். யார் வீட்டில் பைக் வாங்கினார்கள், யாருக்குச் சிறுநீரகக் கல் விழுந்தது, எந்தப் பெண்ணுக்கு இடம் அமைந்தது எல்லாம் எங்களுக்கு அப்படித்தான் தெரியும். பிரசங்கத்தில் கண் அசருகிறவர்கள்கூட கவர் படிக்கும்போது நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

இன்னும் ஒரு பிரசங்கம் மட்டும்தான் பாக்கி இருந்தது. அது முடிந்தால் என் மகள் எழுதியதை நூறு பேர் கேட்பார்கள். அந்த நூறு பேரில் அந்தச் சித்தியும் இருந்தாள்.

இதில் என் மகளைத் திட்ட எனக்கு வாயில்லை. அவளுக்கு அப்படி எழுதக் கற்றுக்கொடுத்தவளே நான்தான்.

எங்கள் வீட்டில் தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் குடும்ப ஜெபம். அதில் ஒவ்வொருவரும் அன்றைக்கு ஒரு காரியத்துக்காவது நன்றி சொல்ல வேண்டும். நான் வைத்த சட்டம் அது. நான் வளர்ந்த வீட்டில் வாயைத் திறந்தால் குறைதான். தண்ணீர் வரவில்லை, கரண்ட் இல்லை, பக்கத்து வீட்டுக்காரி சரியில்லை. என் பிள்ளைகள் அப்படி முறுமுறுத்துக்கொண்டு வளரக் கூடாது என்று கல்யாணமான புதிதிலேயே முடிவு செய்துவிட்டேன். அதோடு விட்டேனா? பிள்ளைகள் 'எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம் ஆமென்' என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டுத் தட்டுக்குப் பாய்வதைப் பார்த்து இன்னொரு சட்டமும் போட்டேன். பொதுவாகச் சொல்லக் கூடாது. எது, யாரால், எப்படி என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும்.

"சாப்பாட்டுக்கு ஸ்தோத்திரம்" என்பான் மகன்.

"எந்தச் சாப்பாடு? யார் பண்ணாங்க?" என்பேன்.

"காலைல அப்பா போட்ட முட்டை தோசைக்கு ஸ்தோத்திரம்."

அப்போதுதான் விடுவேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். நன்றி சொல்வதையும் அதட்டித்தான் சொல்ல வைத்தேன். இதைச் சபையில் பெண்கள் கூட்டத்தில் வேறு பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு நன்றி உணர்வைப் பழக்குவது எப்படி என்று பத்து நிமிடம் பேசி, கைதட்டலும் வாங்கினேன்.

நான் ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற லைன், முப்பத்திரண்டு பெண்கள். சித்தியும் அதில் ஒருத்தி. எங்கள் தெருவில் ஐந்தாவது வீடு. என்னைவிட நான்கு வயது சின்னவள். என்னை அக்கா என்பாள், அதனால் என் பிள்ளைகளுக்கு அவள் சித்தி. ரத்த சம்பந்தம் எதுவும் இல்லை. கம்பெனி பஸ்ஸில் எனக்கு இடம் போட்டு வைப்பாள். ஏழு வருஷம் ஒரே சீட்டில் உட்கார்ந்து போய் வந்தோம்.

வெளிநாட்டு ஆர்டர் குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் காலை ஃப்ளோர் இன்சார்ஜ் என்னைக் கூப்பிட்டார். "உன் லைன்ல ரெண்டு பேர் குறைக்கணும். சாயங்காலத்துக்குள்ள பேர் குடு. நீ குடுக்கலேன்னா லைனையே பக்கத்து லைனோட சேத்துடுவாங்க. அப்புறம் சூப்பர்வைசர் எதுக்கு ரெண்டு பேர்?" அவர் மிரட்டவில்லை. டீ குடித்துக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னார்.

ஒரு பெண் கல்யாணத்துக்காக எப்படியும் நிற்கப் போகிறாள். அவள் பெயரைக் கொடுப்பது சுலபமாக இருந்தது. இன்னொரு பெயர் வேண்டும். வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். லீவு ஜாஸ்தி எடுத்தது அவள்தான். ஐந்து நாள். தையல் சுத்தமாக இருக்கும், வேகம் இருக்கும், ஆனால் லீவு ஐந்து. மூன்று மணிக்குள் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டுச் சொன்னார்கள். திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து அழுதாள். "என் பேர் எப்டிக்கா போச்சு?" என்று கேட்டாள். "லிஸ்ட் ஆபீஸ்லருந்து வந்துச்சும்மா, நம்ம கைல இன்னா இருக்குது" என்றேன். முதுகைத் தடவிக்கூடக் கொடுத்தேன். இதை எழுதும்போது என் கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தோல் பதனிடுகிற டேனரியில் வேலை செய்கிறார். அதிகம் பேசாத மனிதர். "நீ இன்னா பண்ணுவ" என்றார், அவ்வளவுதான். மகள் பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் காது எங்கள் பக்கம்தான் இருந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஜெபத்தில் என் முறை வந்தபோது, "என் வேலையைக் காத்தீரே, ஸ்தோத்திரம்" என்றேன். யாரால், எப்படி என்று நான் சொல்லவில்லை. மகள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அடுத்த வாரமே சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். "நான் சும்மாதானே இருக்கேன் அக்கா. ஸ்கூல்லருந்து என் பொண்ணக் கூட்டியாரப் போறேன் இல்ல? உன் பசங்களையும் கூட்டியாறேன். நீ வர்ற வரைக்கும் எங்கூட்லயே இருக்கட்டும்." வேண்டாம் என்று சொல்ல என்னிடம் காரணம் இல்லை. இருந்த காரணத்தைச் சொல்ல முடியாது.

அதுவரை என் பிள்ளைகள் பள்ளி விட்டதும் பூட்டிய வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பார்கள். இப்போது அவள் கையைப் பிடித்து வந்தார்கள், அவள் வீட்டில் சூடாகச் சாப்பிட்டார்கள், முகம் கழுவி பவுடர் போட்டுக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்கள். ஜெபத்தில் மகன் தினமும் ஒன்றையே சொன்னான். "சித்தி வேலைக்குப் போகாம வீட்ல இருக்கறதுக்கு ஸ்தோத்திரம்." குறிப்பாகத்தான் சொன்னான், என் சட்டப்படி.

இப்படி மூன்று வாரம் போனது. நான்காவது ஞாயிறு அன்றுதான் அந்தக் கவர்.

பாட்டு முடிந்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். போதகர் பிரசங்கத்துக்கு ஏறினார். எங்கள் ஆலயத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் தூணோரமாக இருந்தார். காணிக்கை எண்ணுகிற வெஸ்ட்ரி அறைக்குள் போய் அந்தக் கவரை எடுத்துவா என்று கண்ணாலும் கையாலும் சைகை காட்டினேன். அவர் திருதிருவென்று முழித்தார். பாக்கெட்டைத் தடவி வண்டிச் சாவியை எடுத்து உயர்த்திக் காட்டினார். நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. பக்கத்தில் இருந்த அம்மா, "இன்னாம்மா, ஒடம்பு சரியில்லியா?" என்றார்.

"ஆமாங்க" என்று எழுந்தேன்.

பிரசங்கத்தின் நடுவே பெண்கள் எழுந்து போனால் நூறு கண்கள் பின்னாலேயே வரும். மகள் என் புடவைத் தலைப்பைப் பிடித்து, "எங்கம்மா?" என்றாள். "ஒக்காரு" என்றேன். சித்தியின் வரிசையைத் தாண்டும்போது அவளும் நிமிர்ந்து என்னைப் பார்த்து, என்னாச்சு என்று புருவத்தை உயர்த்தினாள். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்தேன். வெயில் முகத்தில் அறைந்தது. வெஸ்ட்ரி வாசலுக்குப் பத்து அடி இருக்கும். அதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது.

உள்ளே பொருளாளர் ஐயா மேசை நிறையக் கவர்களைப் பரப்பி வைத்திருந்தார். ஒவ்வொன்றாகப் பிரித்து, நோட்டில் எழுதி, போதகர் படிப்பதற்காக ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். எங்கள் கவர் எங்கே என்று தேடினேன். அவர் கையிலேயே இருந்தது.

"ஐயா, அது எங்களுது. பாப்பா காரணத்தத் தப்பா எழுதிட்டா. மாத்திக் குடுத்துடறேன்."

"கொழந்த எழுதுனா இன்னாம்மா? ஆண்டவருக்குப் புரியாமலா போயிடும்?" என்று சிரித்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து கீழே இறக்கினார். கவரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். "கம்பெனியில் ஆள்…" என்று அவர் உதடு அசைந்தது.

நான் கவரை வாங்கினேன் என்று எழுதினால் அது பொய். பிடுங்கினேன்.

அவர் முகம் மாறிவிட்டது. புதுக் கவர் ஒன்றை என் பக்கம் தள்ளினார், நூல் கட்டிய பேனாவையும் கொடுத்தார். பெயரை எழுதினேன். காரணக் கோட்டுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. வெளியே போதகரின் குரல் மைக்கில் கேட்டுக்கொண்டிருந்தது. பிரசங்கத்தை முடிக்கப் போகிறார் என்பது அந்தக் குரலின் இறக்கத்தில் தெரிந்தது. எங்கள் வீட்டில் மகன் சொன்னால்கூட நான் ஏற்காத ஒரு வரியை எழுதினேன். 'பிள்ளைகளின் சுகபெலனுக்காக.'

"அவ்ளோதானாம்மா?"

"அவ்ளோதாங்க."

பழைய கவரை நான்காக மடித்துக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். தப்பித்தோம் என்று ஒரு நிம்மதி வந்தது. ஸ்தோத்திரம் என்று மனசுக்குள் சொல்லப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

போதகர் கவர்களைப் படித்தார். ஒரு வீட்டில் பேரன் பிறந்திருந்தான். ஒருவருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. எங்கள் குடும்பத்தின் முறை வந்தது. "பிள்ளைகளின் சுகபெலனுக்காக."

சித்தி திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். மடியில் தூங்கிப்போயிருந்த என் மகனின் கன்னத்தைக் கிள்ளி, இவனுக்குத்தானே என்பது போலக் காட்டினாள்.

என் மகளோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மேடையைப் பார்த்தேன்.

அடுத்த கவரை எடுத்தார் போதகர். அது சித்தியுடையது. "வேலை போன பிறகும் எந்தக் குறைவும் இல்லாமல் நடத்தி வருவதற்காக."

ஆமென் என்று சபை சொன்னது. நான் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டேன்.

ஆராதனை முடிந்து எல்லோரும் ஒன்றாகத்தான் வீட்டுக்கு நடந்தோம். எப்போதும் அப்படித்தான். என் வீட்டுக்காரர் வண்டியில் மகனை ஏற்றிக்கொண்டு முன்னால் போய்விட்டார். அவள் தன் பெண்ணை ஒரு கையிலும் என் மகளை ஒரு கையிலும் பிடித்திருந்தாள். என் மகள் பேசாமல் வந்தாள். வாய் ஓயாத பிள்ளை அவள்.

"இன்னா பாப்பா, பேசாம வர்ற? அம்மா திட்டுனாங்களா?"

மகள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. அவள் வாயைத் திறந்தால் நிஜம்தான் வரும். அப்படித்தான் வளர்த்து வைத்திருந்தேன்.

"ஒண்ணுமில்ல சித்தி. தல வலிக்குது" என்றாள் மகள்.

அவளுக்குத் தலைவலி இல்லை. அந்தப் பிள்ளை எனக்காகப் பொய் சொன்னது. அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பொய் அது. பள்ளியில் பென்சில் உடைத்ததைக்கூட வந்து ஒப்புக்கொள்கிற குழந்தை. சித்தி நின்று, அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "சூடு இல்ல. வெயிலு. வூட்டுக்குப் போனதும் தண்ணி குடி" என்றாள்.

வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும் மகளைப் பிடித்துக்கொண்டேன். என் பயமெல்லாம் கோபமாகத்தான் வெளியே வரும். "வூட்ல பேசறதெல்லாம் கோயில்ல எழுதுவியா? அறிவு இருக்குதா?"

"நீதானே யாரால, எப்டின்னு எழுதணும்னு சொன்ன?"

"அதுக்காக?"

"நான் எழுதுனது தப்பா?"

கையை ஓங்கிவிட்டேன். என் வீட்டுக்காரர் நடுவே வந்து நின்றார். "பாப்பா எழுதுனதுல தப்பு ஒண்ணும் இல்லியே" என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை. ஓங்கிய கையை இறக்கினேன்.

சாயங்காலம் பாயை விரித்து ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். மகன் முதலில் ஆரம்பித்தான். "சித்தி மடில தூங்குனதுக்கு ஸ்தோத்திரம்." அடுத்து மகள்.

"எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம். ஆமென்."

ஒரே மூச்சில் சொல்லி முடித்துக் கண்ணைத் திறந்தாள். நான் ஏதாவது கேட்பேன் என்று தம்பி என்னைப் பார்த்தான். நான் கேட்கவில்லை. கேட்கிற தகுதியை அன்று காலையே அந்தக் கோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டேன். மகள் முகத்தில் கோபம்கூட இல்லை. இப்படித்தான் சொல்ல வேண்டும் போலிருக்கிறது என்று கற்றுக்கொண்டுவிட்ட முகம். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

என் முறை. எல்லோரும் கண்ணை மூடிக் காத்திருந்தார்கள். நான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டேன்.

"எங்க போற?" என்றார் அவர்.

"அவ வூட்டுக்கு."

அவர் தடுக்கவில்லை.

அவள் முன்னறையில் உட்கார்ந்து, முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே மாமியார் டிவி சீரியல் பார்க்கிற சத்தம். அவள் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ எடுத்துக்கொண்டு வாணியம்பாடி பக்கம் போயிருந்தார்.

"வா அக்கா. பாப்பாக்கு தலவலி போச்சா?"

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு எதையாவது பேசிவிட்டு வந்துவிடுவேன் என்று தெரியும். "அன்னைக்கி உன் பேர நான்தான் குடுத்தேன்" என்றேன்.

எந்தப் பெயர், எங்கே என்று அவள் கேட்கவில்லை. அரிசியில் இருந்த கை அப்படியே நின்றது.

"ஆபீஸ்லருந்து லிஸ்ட் வந்துச்சுன்னு சொன்ன?"

"பொய் சொன்னேன்."

அவள் முறத்தைத் தரையில் வைத்தாள். பிறகு, "எதுக்கு என் பேரு?" என்றாள்.

"லீவு ஜாஸ்தின்னு."

"எத்தினி?"

"அஞ்சு."

விரலை மடக்கினாள். "மாமியாருக்கு கண்ணு ஆபரேஷன், மூணு நாளு. மழைல வூட்டுக்குள்ள தண்ணி பூந்துது, ஒரு நாளு. நாலுதானே ஆச்சு." கட்டை விரல் மடங்காமல் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள். அவளுக்கு ஞாபகம் வந்த நொடி எனக்குத் தெரிந்தது.

"அஞ்சாவது உன் புள்ளைக்கு ஜன்னி வந்த அன்னிக்கி. நீ ஆடிட்னு லைன விட்டு வர முடியாதுன்ன. நான் லீவு சொல்லிட்டு வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனேன்."

"ஆமா."

"அதையும் சேத்தா எண்ணுன?"

"ஆமா."

"எண்ணும்போது தெரியலியா அக்கா? மறந்துட்டியா?"

அவள் எனக்கு ஒரு வழி விட்டுக் கேட்டாள். மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள் என்றே நினைக்கிறேன். நம்ப விரும்பினாள்.

"தெரிஞ்சுதான் எண்ணுனேன். அத எடுத்துட்டா நாலு ஆயிடும். இன்னொருத்தியும் நாலுதான்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மன்னித்துவிடு என்றேன். "அத இப்ப கேக்காத" என்றாள். சீரியலில் விளம்பரம் வந்ததும் மாமியார் எட்டிப் பார்த்து, "ஆரு?" என்றார். "அக்காதான், போறாங்க" என்றாள் அவள். பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக இன்சார்ஜிடம் போனேன். அவளைத் திரும்ப எடுக்கச் சொன்னேன், அந்த லீவு என்னால் வந்தது என்றேன். லிஸ்ட் மேலே போய்விட்டது, அந்தப் பேச்சே இனி வேண்டாம் என்றார். அடுத்து ஆர்டர் வரும்போது முதல் பெயராக அவளை வையுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கி மேசை டிராயரில் போட்டுக்கொண்டார். அதன் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை. மூன்று மணிக்கு பர்மிஷன் கேட்டேன். "உனக்கே லீவு ஜாஸ்தியாப் போகுது, பாத்துக்கோ" என்றார்.

பள்ளி விடுகிற நேரத்துக்கு கேட்டுக்கு முன்னால் போய் நின்றேன். அவளும் வந்திருந்தாள், தன் பெண்ணைக் கூட்டிப்போக. சாலையின் அந்தப் பக்கம் வேப்ப மரத்தடியில் நின்றாள். நான் இந்தப் பக்கம். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு கேட்டைப் பார்த்தாள். பள்ளி மணி அடிக்கும்வரை என்ன செய்வது என்று தெரியாமல் கைப்பை வாரை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகள் வந்தார்கள். என் மகன் என்னைக் கவனிக்கவே இல்லை. நேராகச் சாலையைத் தாண்டி ஓடி அவள் காலைக் கட்டிக்கொண்டு, புத்தகப் பையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டாள். பின்னால் வந்த என் மகள் என்னைப் பார்த்துவிட்டாள். யாரிடம் போவது என்று தெரியாமல் கேட்டிலேயே நின்றாள்.

சித்தி என் மகன் கையைப் பிடித்து, வண்டி வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்து, சாலையைக் கடந்து என்னிடம் வந்தாள். பையை என் தோளில் மாட்டினாள். அவன் கையை எடுத்து என் கையில் வைத்தாள்.

"தண்ணி பாட்டில் மூடி லூசா இருக்குது. பாத்துத் தூக்கினு போ" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை. தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தாள்.

"சித்தி வூட்டுக்குப் போலியா?" என்று மகன் வழியெல்லாம் அழுதான். இனிமேல் இல்லை என்று சொல்ல, வீடு வரைக்கும் எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்று சாயங்காலம் ஜெபத்துக்கு உட்கார்ந்தபோது, நானே முதலில் சொல்கிறேன் என்றேன். நேற்று விட்டுப்போன முறை அது. நான் செய்ததை முதலில் சொன்னேன், பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி, ஒன்றையும் விடாமல். சித்தி ஏன் இனி கூட்டிக்கொண்டு வரமாட்டாள் என்பதையும் சொன்னேன். மகன் விசும்பினான். அதற்குப் பிறகு நன்றி சொல்ல வாயைத் திறந்தால் எதுவுமே வரவில்லை. இத்தனை வருஷம் பிள்ளைகளை அதட்டிச் சொல்ல வைத்த எனக்கு, அன்றைக்கு நன்றி சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. மூவரும் பொறுமையாக இருந்தார்கள்.

கடைசியில், "அவ்ளோ கோவத்துலயும், அவ ரெண்டு பக்கமும் பாத்து, எம்புள்ளையக் கையப் புடிச்சு ரோடு தாண்டிக் கூட்டியாந்தா. அதுக்கு ஸ்தோத்திரம்" என்றேன்.

யாரும் ஆமென் சொல்லவில்லை. கண்ணைத் திறந்தேன். மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் பாத்தேன்" என்றாள்.